“உடற்பயிற்சி பண்ணுங்க” என்று சொன்னார்கள். எதை, எவ்வளவு என்று சொல்லவில்லை

கேள்வி: எனக்கு 47 வயது. திண்டுக்கல் பக்கம் சிறிய ஊர். வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். காலை பத்து மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலையாகிவிடும். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கலந்த மாத்திரை, இரவில் பிரஷருக்கு அம்லோடிபின். இரண்டு பிரசவமும் சிசேரியன். எடை 74 கிலோ. படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கும். போன மாதம் டாக்டர், “மாத்திரை மட்டும் போதாது, உடற்பயிற்சி பண்ணுங்க” என்றார். மகளின் போனில் ஒரு முப்பது நிமிட வீடியோவைப் போட்டு இரண்டு நாள் அவளோடு சேர்ந்து செய்தேன். உட்கார்ந்து எழுவதும் குதிப்பதுமாக இருந்தது. மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதோடு நிறுத்திவிட்டேன். தெருவில் நடக்கலாம் என்றால் நாய்த் தொல்லை, கூச்சமும்தான். வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. “வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே” என்கிறார் கணவர். பக்கத்து வீட்டு அக்கா எட்டுப் போட்டு நடக்கச் சொல்கிறார். போனில் தினமும் பத்தாயிரம் அடி என்று காட்டுகிறது. வெறும் வயிற்றில் செய்தால்தான் தொப்பை குறையுமாமே? இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது: குதிக்கும்போதும் தும்மும்போதும் சிறுநீர் சொட்டாகக் கசிகிறது. நான் மறுபடியும் ஆரம்பிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆரம்பிக்கலாம். அந்த வீடியோவைக் கொண்டு வேண்டாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு மாத்திரை எழுதித் தந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எல்லாம் இருக்கும். உடற்பயிற்சிக்கு வரும்போது மட்டும் “பண்ணுங்க” என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடுகிறோம். என் துறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு அளவைத் தீர்மானிப்பது யாரோ ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளை, கேமராவுக்கு முன்னால் நின்று. நீங்கள் செய்தது தவறான காரியமல்ல, அளவுதான் தவறு.

மூன்றாம் நாள் ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். உட்காரும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை இப்படி நீண்டபடி பளு தாங்கும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். பத்து தடவைக்குப் பழகாத தொடையை நீங்கள் நூறு தடவைக்கு மேல் உட்கார்த்தி எழுப்பியிருப்பீர்கள். அதுவும் அடுத்தடுத்த இரண்டு நாள். உங்கள் உடம்பில் கோளாறு என்று இதற்குப் பொருளல்ல. (அந்த நாட்களில் சிறுநீர் கறுத்து, டீ டிக்காஷன் நிறத்தில் போயிருந்தால் அது வேறு கதை. அபூர்வம்தான், ஆனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற அறிகுறி அது. அப்படி எப்போது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். உடற்பயிற்சி செய்யச் சொன்னவரே அவர்தான் என்றாலும், சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருந்து, இத்தனை ஆண்டு உடம்பை அசைக்காமலும் இருந்தவருக்குச் சில விஷயங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணின் விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? அங்கே புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் முக்கித் தூக்குவதும் தலைகீழாகக் குனிவதும் கூடாது. ஈசிஜி தேவையா? கிளிமிபிரைடின் அளவைப் பயிற்சிக்கு ஏற்ப மாற்ற வேண்டி வருமா? கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்கள் பலர். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படிப்பட்டவர் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குவார், “எனக்கு ஸ்டாமினா இல்லை” என்று தன்னையே நொந்துகொள்வார். பிரஷரையும் சர்க்கரையையும் பார்க்க ஒவ்வொரு முறையும் பஸ் ஏற வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வருபவர் யாரென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை, மயக்கம் இவற்றில் ஏதாவது முன்பே இருந்தால் கீழே சொல்லும் எதையும் ஆரம்பிக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறலாக, குமட்டலாக, அசாத்தியக் களைப்பாகவும் வருவதுண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் அப்படியே. பயிற்சியின் நடுவே இப்படி ஏதாவது வந்தால் “வாயுவாக இருக்கும்” என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள்.

இனி சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. உள்ளே சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் குணம். வேலை செய்யும் தசையோ இன்சுலினின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் சர்க்கரை சறுக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு, “பயிற்சி முடித்துச் சாப்பிடலாம்” என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் நீங்கள் செய்யவே கூடாதது. வெறும் வயிறு தொப்பையைத் தனியாகக் கரைக்காது. நாள் முழுதும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு செலவழித்தோம் என்பதுதான் கணக்கில் வரும். உங்களுக்குச் சரியான நேரம் காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, மெஷினில் உட்காருவதற்கு முன்.

குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் முதல் இரண்டு வாரம் பயிற்சிக்கு முன்பும் பின்பும் பாருங்கள். முன்பு 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை, நாக்கு வறள்கிறது என்றால் அன்று பயிற்சி வேண்டாம். நடுவே கை நடுக்கம், படபடப்பு, திடீர் வியர்வை, கண் இருட்டல் வந்தால் உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கட்டோ சாக்லேட்டோ அந்த நேரத்துக்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. இப்படிச் சர்க்கரை இறங்குவது இரண்டு நாள் நடந்தால் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். நேரம், எண் இரண்டையும் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பு அசையத் தொடங்கியதும் மாத்திரையின் அளவு குறைவது பலருக்கு நடப்பதுதான். பிரஷர் 180/110 அல்லது அதற்கு மேல் காட்டும் நாளில் பயிற்சி கிடையாது.

பயிற்சிக்கு வருவோம். முதல் இரண்டு வாரத்துக்கு நான் உங்களுக்குத் தருவது வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் பதினைந்து நிமிடம். “இவ்வளவுதானா?” என்று தோன்ற வேண்டும். தோன்றினால் அளவு சரி.

இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைச் செய்யுங்கள். உங்கள் முட்டிக்கும் சர்க்கரைக்கும், கழிப்பறையில் மாட்டிக்கொண்ட அந்தச் சங்கடத்துக்கும் அது ஒன்றே மருந்து. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் இருக்கின்றன. குளுக்கோஸை அதிகம் இழுப்பவையும் அவையே.

கை இல்லாத, கால் உறுதியான நாற்காலியாக எடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் டைல்ஸ் தரையில் பின்னால் வழுக்கும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். நைட்டி காலில் மாட்டும், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து, குதிகால் முட்டிக்குச் சற்றே பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தவறு செய்வது அடுத்த இடத்தில்: முதுகை நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள், முழு எடையும் முட்டியில் விழும். நீங்கள் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்கு. பிட்டம் தானாக லேசாகும். அப்போது குதிகாலைத் தரையில் அழுத்தி, வாயால் மூச்சை விட்டபடி எழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் பிரஷர் சட்டென்று ஏறும். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னால் மூச்சை அடக்க முடியாது, நல்ல தந்திரம் அது. முட்டிகள் இரண்டும் உள்பக்கம் மடங்காமல், பாதத்தின் இரண்டாம் விரலை நோக்கியே இருக்கட்டும். முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால் போகவே கூடாது என்று எங்காவது கேட்டிருப்பீர்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், படி இறங்கும்போது தினமும் தாண்டித்தான் போகிறது.

உட்காருவதுதான் முக்கியப் பாதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். கடைசி நாலு விரற்கடை தொப்பென்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது. ஐந்து தடவை. இரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி ஐந்து. அன்றைக்கு முடிந்தது. முட்டி வலித்தால் பயிற்சியைக் கைவிடாதீர்கள், நாற்காலியை உயர்த்துங்கள். ஜமுக்காளத்தையோ கெட்டியான போர்வையையோ மடித்துப் போட்டு நாலு விரல் உயரம் கூட்டினாலே வலி பெரும்பாலும் பாதியாகும். அதுவும் போதவில்லை என்றால் கையால் தொடையை அழுத்தி எழலாம். முட்டித் தேய்மானம் இருந்தாலும் இது தேய்மானத்தை அதிகமாக்காது. தேய்மானத்துக்கு உலகெங்கும் முதல் வைத்தியமாகச் சொல்வது தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைத்தான். மாத்திரை, ஊசி எல்லாம் அதற்குப் பிறகு.

மற்றவை சுருக்கம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது எட்டு தடவை. கெண்டைக்கால் தசை காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து தள்ளிக்கொண்டு வருவது ஆறு தடவை. ஒரு கையால் மேடையைப் பிடித்து லேசாகக் குனிந்து, மறு கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து இடுப்பு வரை இழுப்பது பக்கத்துக்கு எட்டு. தையல்காரர்களுக்குக் கழுத்தும் தோளும் முன்னால் வளைந்தே கிடக்கும், இது அதற்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே டம்பெல் வாங்க வேண்டாம். கடைசியாக, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பிட்டத்தை உயர்த்தி இறக்குவது ஆறு. எழுந்திருக்கும்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, சற்று நிதானித்து நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஆரம்பிக்கும் முன் ஹாலிலேயே ஐந்து நிமிடம் நடந்தால் அதுவே வார்ம்-அப்.

அளவு சரிதானா என்று வீட்டில் யாரையும் கேட்க வேண்டாம், இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செய்து நிறுத்தும்போது, “இன்னும் மூணு நாலு தடவை முடியும்” என்று இருக்கிறதா? அங்கேதான் நிறுத்த வேண்டும். முதல் மாதத்தில் தசை களைத்துத் துவளும் வரை போவதால் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை. இரண்டாவது, வலி. பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தொடையின் சதை முழுக்கக் கனத்து, தொட்டால் நோவது தசை வலி; அது போய்விடும். மூட்டுக்குள் ஒரே இடத்தில் குத்துவது, முட்டி வீங்குவது, நடுவில் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் நழுவி விட்டுப்போவது இவையெல்லாம் நேரில் காட்ட வேண்டியவை. பெரிய அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவு இருக்கிறது. பிசியோதெரபி என்று கேட்டால் காட்டுவார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து கூட்டலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். ஐந்து எட்டாகட்டும், பிறகு பத்து. பத்து இரண்டு சுற்று எளிதானதும் மூன்றாம் சுற்று. அப்புறம் போர்வையை எடுத்துவிட்டு நாற்காலியைத் தாழ்த்துங்கள். எல்லாம் பழகிய பிறகு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம். முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடுவது போல இருக்கும். அது பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசைநாண்கள் அந்த வேகத்தில் உறுதிப்படுவதில்லை. “நல்லாத்தானே இருக்கேன்” என்று ஐந்தாவது வாரத்தில் குதிக்க ஆரம்பித்துக் குதிகால் நாணைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் நிறைய.

இனி நடை. உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். லண்டனின் மாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் எழுதினார். வேலையின் அசைவும் உடம்புக்குக் கணக்குத்தான் என்று மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அப்படி. ஆனால் நீங்கள் அந்தப் பஸ்ஸில் எந்த இருக்கையில் இருக்கிறீர்கள்? பத்து மணியிலிருந்து மாலை வரை மெஷின் முன்னால். அடுப்படியில் நிற்பது களைப்பைத் தரும், மூச்சை வேகமாக்காது. மாவாட்டவும் தண்ணீர் இறைக்கவும் செய்த காலத்து வீட்டு வேலை வேறு. கிரைண்டரும் மோட்டாரும் வந்த பிறகு அதைக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. தையல் மெஷினிலும் மோட்டார் வைத்திருப்பீர்கள். கால்மிதியாக இருந்தால் கணுக்காலாவது ஆடியிருக்கும்.

ஆகவே, பாபினில் நூல் தீரும்போதெல்லாம் எழுந்திருங்கள். அலாரம் வேண்டாம், உங்கள் வேலையே மணியடிக்கும். எழுந்து சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பித்த பரிந்துரையில், குறைந்தது பத்து நிமிடம் தொடர்ச்சியாகச் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். சில்லறை நிமிடங்களும் சேரும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது அவர்கள் சொல்லும் அளவு. உங்களுக்கு அது ஆறு மாதம் கழித்துப் போய்ச் சேர வேண்டிய இடம்.

இப்போதைக்கு மதியமும் இரவும் சாப்பிட்டு முடித்த பிறகு பத்து நிமிடம் நடந்தால் போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்தப் பத்து நிமிடம் மழுங்கடிக்கும். வேகத்துக்கு ஓர் அளவு: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள், பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் அதற்குள் கரைந்துவிடும். பத்தாயிரம் அடி என்பது டாக்டர்கள் கண்டுபிடித்த எண்ணல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டிய உற்சாகத்தில், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது. இப்போது உங்கள் போன் எவ்வளவு காட்டுகிறதோ அதோடு ஐந்நூறு சேருங்கள், அடுத்த மாதம் இன்னொரு ஐந்நூறு.

எட்டு நடைக்கு நான் எதிரியில்லை. சிறிய இடத்தில் நடக்க வசதி, திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலையும் பழகும். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. திருப்பங்களில் முட்டி வலித்தால் எட்டைப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கூழாங்கல் பரப்பி வெறுங்காலில் நடக்கச் சொல்லக்கூடும். அது வேண்டாம். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் கல் குத்தியதும் தெரியாது, மொட்டை மாடித் தளம் சுட்டதும் தெரியாது. சித்திரை வெயிலில் மாடியில் நடந்து பாதம் கொப்புளித்ததை இரவில் மகள் சொல்லித்தான் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நல்ல செருப்போ ஷூவோ போட்டு, வெயில் ஏறுவதற்கு முன் அல்லது தாழ்ந்த பிறகு நடங்கள். தினமும் இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் காலணிதான்.

எடை இயந்திரத்தை மூன்று மாதத்துக்குப் பரணில் போட்டுவிடுங்கள். பயிற்சியால் மட்டும் எடை அதிகம் குறையாது. அதற்குச் சாப்பாடு மாற வேண்டும், அதை இன்னொரு கடிதத்தில் பேசலாம். எடை அசையாத நாளிலும் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும். தொடங்கும் வாரத்தில் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும், முப்பது நொடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்ற எண்ணிக்கையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் மறுபடி எடுங்கள்.

கடைசியாகக் கூச்சத்தோடு கேட்டதற்கு வருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பலர் இதைக் கடைசியில், கிளம்பும்போதுதான் சொல்கிறார்கள். உடற்பயிற்சியை ஆரம்பித்து விட்டுவிடும் பெண்களில் எத்தனை பேர் இந்தக் கசிவுக்காகவே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். சிசேரியன் ஆனாலும் ஒன்பது மாதச் சுமையை அவைதாம் தாங்கின. குதிப்பதை இப்போதைக்கு அடியோடு விட்டுவிடுங்கள். கீழ்வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளுக்கும் மேலுக்கும் இழுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு ஓட வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். தும்மல் வருவது தெரிந்ததும் முன்கூட்டியே இழுத்துப் பிடித்தால் கசிவு நிற்பதை முதல் மாதத்திலேயே பலர் கவனிக்கிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

தொப்பைக்காகச் சிட்-அப் (மல்லாந்து படுத்து உடம்பை மேலே தூக்குவது) செய்வதும் வேண்டாம். எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது உண்மையல்ல. தவிர, உங்களுக்கு முதலில் ஒன்று பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுவில் வரப்புபோலப் புடைத்தால் வயிற்றுத் தசைகள் பிரசவத்துக்குப் பின் சேராமல் விலகியே நிற்கின்றன. அப்படி இருந்தால் சிட்-அப் அந்தப் புடைப்பைத்தான் வளர்க்கும். மேலே சொன்ன பிட்டம் தூக்கும் பயிற்சி போதும். சிசேரியன் தழும்பின் பக்கம் இருமும்போது உருண்டையாக ஏதாவது தள்ளினால் குடலிறக்கமா என்று அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் எந்தப் பயிற்சியும். மூன்று மாதம் செய்தும் கசிவு குறையாவிட்டாலோ, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், ரத்தம், அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போன்ற கனம் இருந்தாலோ மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.